ஃபிலிம் பெட்டியின் மேல் யார் பெயர்?

இன்று கடையில் கிடைக்கும் ஃபியூஜிஃபிலிம் 400 பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பல வருடங்களாகப் பார்த்துப் பழகிய பச்சை நிறம் அப்படியே இருக்கும். பின்பக்கத்துப் பொடி எழுத்துகளில் 'அமெரிக்காவில் தயாரானது' என்றிருக்கும். ஜப்பானிய நிறுவனத்தின் ஃபிலிம் அமெரிக்காவில் ஏன் தயாராக வேண்டும்? அந்த நாட்டில் இவ்வளவு பெரிய அளவில் வண்ண ஃபிலிம் பூசும் ஆலை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் இருக்கும் அந்த ஆலை கோடாக்குடையது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அதிகாரபூர்வ ஃபிலிம் என்ற தகுதியைக் கோடாக்கிடமிருந்து தட்டிச் சென்ற ஃபியூஜி, மஞ்சள் பெட்டிக்கு எதிராகப் பச்சைப் பெட்டியை உலகெங்கும் நிறுத்திய ஃபியூஜி, இன்று தன் பெட்டிக்குள் அடைக்கும் ஃபிலிமுக்காக அந்த ஊருக்குப் போயிருக்கிறது.

ஃபிலிம் திரும்பி வருகிறது என்று கொஞ்ச காலமாகப் பேச்சு அடிபடுகிறது. வந்திருப்பது உண்மைதான். இளைஞர்கள் பழைய கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள். ஒரு வண்ணச் சுருளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்கவும் தயங்குவதில்லை. புதிய பெயர்கள், புதிய பெட்டிகள், அழகான அட்டைகள் மாதத்துக்கு ஒன்றாக வருகின்றன. ஆனால் பெட்டி வேறு, அதற்குள் இருக்கும் பூச்சு வேறு. பெட்டியை யார் வேண்டுமானாலும் வடிவமைத்து அச்சடிக்கலாம். பூசத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்த பிளவைப் புரிந்துகொள்ளாமல் ஃபிலிமின் எதிர்காலத்தைப் பேச முடியாது. அதைப் புரிந்துகொள்வதற்கான மிகச் சரியான உதாரணம் நம் கையிலேயே இருந்தது, ஊட்டியில்.

முதலில் பூச்சு. ஃபிலிம் என்பது ஒரு பிளாஸ்டிக் பட்டையின் மேல் படிந்த ஜெலட்டின். அந்த ஜெலட்டினுக்குள் வெள்ளி உப்பின் நுண்படிகங்கள் சிதறியிருக்கின்றன. ஒளி பட்டவுடன் படிகம் மாறுகிறது. கழுவும்போது அந்த மாற்றம் படமாகிறது. பள்ளிப் புத்தகம் இவ்வளவோடு நின்றுவிடும். ஆலையில் நடப்பது வேறு. ஒரு மீட்டருக்கு மேல் அகலமான பட்டை வேகமாக ஓடிக்கொண்டிருக்க, தலைமுடியைவிட மெல்லிய அடுக்குகளை அதன் மேல் சீராகப் படியவைக்க வேண்டும். வண்ண ஃபிலிமில் இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள் உண்டு. இவ்வளவும் கும்மிருட்டில் நடக்க வேண்டும். ஒரு தூசி விழுந்தால் அது எங்கோ ஒரு கல்யாணப் புகைப்படத்தில் மணமகளின் முகத்தில் புள்ளியாகத் தெரியும்.

அந்த ஜெலட்டின் எங்கிருந்து வருகிறது என்பதைத் தேடிப் போனால் நம் நாட்டுக்கே வந்து சேர்வோம். மாட்டெலும்பை அமிலத்தில் ஊறப்போட்டுத் தாதுக்களைக் கரைத்துவிட்டால் மிஞ்சுவது ஒசீன் என்னும் புரதம். அதைச் சுண்ணாம்பு நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்தபின் ஜெலட்டினை வடித்தெடுக்கிறார்கள். இந்திய எலும்பும் ஒசீனும் பல பத்தாண்டுகளாகக் கப்பலேறி வருகின்றன. 1975இல் கேரளத்தில் தொடங்கிய நிறுவனம் ஒன்று ஜப்பானுக்கு ஒசீன் அனுப்புவதையே தொழிலாகக் கொண்டது. 1920களில் கோடாக்கின் ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்ட் ஒரு புதிருக்கு விடை கண்டார். ஒரே முறையில் செய்தும் சில ஜெலட்டின் மட்டும் ஃபிலிமை அதிக ஒளியுணர்வுள்ளதாக ஆக்கியது ஏன்? அந்த ஜெலட்டினில் கடுகுச் செடியிலிருந்து வரும் கந்தகச் சேர்மம் மிக மிகக் குறைந்த அளவில் இருந்ததுதான் காரணம். மாடு எதை மேய்ந்தது என்பது ஃபிலிமின் ஒளியுணர்வைத் தீர்மானித்திருக்கிறது. இப்படிப்பட்ட அறிவு கைப்பழக்கத்தில் ஊறியது. ஆலை மூடினால் கூடவே போய்விடும்.

இனி பெட்டி. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் என்ற பெயரைப் பதிவு செய்தபோது அவர் விற்றது வெறும் கேமராவை அல்ல. படம் எடுத்து முடித்ததும் கேமராவையே ஆலைக்கு அனுப்பிவிடலாம், அங்கே கழுவி, பிரிண்ட் போட்டு, புதுச் சுருள் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள் என்ற வாக்குறுதியையும் சேர்த்து விற்றார். ஃபிலிம் வாங்குகிறவருக்கு அதைச் சோதிக்க வழியில்லை. பிரித்துப் பார்த்தால் வெளிச்சம் பட்டு வீணாகிவிடும். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிற ஊரில், பார்க்கவே கூடாத ஒரு பொருளை விற்க வேண்டுமென்றால் அதன் உறை முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். கோடாக்கின் மஞ்சள், அக்ஃபாவின் ஆரஞ்சு, ஃபியூஜியின் பச்சை, கொனிகாவின் நீலம் எல்லாம் அந்தப் பொறுப்பின் நிறங்கள். தாராவி தொண்ணூறு அடிச் சாலையிலானாலும் திருநெல்வேலி ரத வீதியிலானாலும், எழுத்தைப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைச் சொல்லிக் கேட்டு வாங்க முடிந்தது.

உறையின் வேலை அத்தோடு முடியவில்லை. வெப்பமும் ஈரமும் ஃபிலிமின் எதிரிகள். ஜூன் பிறந்துவிட்டால் மும்பையில் தோல் செருப்பு பூசணம் பூக்கும், ஜெலட்டினும் அப்படித்தான். அதற்காகவே வெப்பமண்டல நாடுகளுக்கென்று உலோகத் தாளிலும் டின்னிலும் காற்றுப் புகாமல் அடைத்த தனிக் கட்டு ஒன்று இருந்தது. 35 மில்லிமீட்டர் சுருளை 1934இல் கோடாக் பகலிலேயே கேமராவில் ஏற்றக்கூடிய உலோகக் குப்பியில் அடைத்தது. அந்தக் குப்பியைப் பாதுகாக்க முதலில் திருகு மூடி போட்ட அலுமினிய டப்பா வந்தது. பிற்பாடு பிளாஸ்டிக் டப்பா வந்தது. கோடாக் கறுப்பு டப்பாவும் சாம்பல் மூடியும் தந்தது. ஃபியூஜியின் டப்பா உள்ளிருப்பது தெரிகிற வெள்ளை. நம் வீடுகளில் அந்த டப்பாக்கள் குங்குமத்துக்கும் திருநீறுக்கும் கற்பூரத்துக்கும் ஊசிநூலுக்கும் பயன்பட்டன. மூடி இறுக்கமாக உட்காரும், ஈரம் உள்ளே புகாது. ஃபிலிமுக்காகச் சிந்தித்து உருவாக்கிய ஒரு குணத்தைத் தமிழ் வீட்டுப் பெண்கள் கண்டுகொண்டு வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வடிவமைப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த அலமாரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1983இல் கோடாக் குப்பியின் மேல் கறுப்பும் வெள்ளியுமான கட்டங்களைப் பொறித்தது. டிஎக்ஸ் குறியீடு என்று பெயர். கேமராவின் உள்ளே இருக்கும் ஊசிகள் அந்தக் கட்டங்களைத் தொட்டு, ஃபிலிமின் வேகம் 100ஆ 400ஆ, படம் 24ஆ 36ஆ என்று தாமாகவே அறிந்துகொண்டன. உறையே இயந்திரத்தோடு பேசத் தொடங்கிவிட்டது. இன்று ஒவ்வொரு பொட்டலத்திலும் காணும் கியூஆர் சதுரத்துக்கு இது ஒரு முன்னோடி.

ஸ்டூடியோக்காரர்களுக்கு அந்தப் பெட்டியில் இன்னொரு வேலை இருந்தது. புகைப்படத் தாள் வரும் கெட்டி அட்டைப் பெட்டிகளையும் கண்ணாடித் தகடு வரும் பெட்டிகளையும் அவர்கள் தூக்கி எறியவில்லை. கழுவிய நெகட்டிவ்களைத் தாள் உறையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி, அந்தப் பெட்டிகளிலேயே அடுக்கினார்கள். தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பதிவு செய்ய, புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு ஒரு திட்டம் நடத்தினார்கள். அத்தகைய முயற்சிகளில் நம் கவனமெல்லாம் படத்தின் மேல் இருக்கும். அந்தப் படத்தை ஐம்பது வருடம் கரையானிடமிருந்து காத்த பெட்டியின் மேல் இருப்பதில்லை. மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய ஸ்டூடியோக்கள் செல்போன் கடைகளாக மாறும்போது முதலில் பழைய சாமான்காரரிடம் போவது அந்தப் பெட்டிகள்தான்.

ஊட்டிக்கு வருவோம். 1960இல் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் பிறந்தது. பாஷே என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு ஊட்டியில் ஆலை எழுந்து, 1967இல் உற்பத்தி தொடங்கியது. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே, குளிர்ந்த, தூசி குறைந்த காற்றுள்ள ஊர் என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். பொருளுக்கு 'இந்து' என்று பெயர் வைத்தார்கள். ஆலையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பும் இந்து நகர் ஆனது. கறுப்பு வெள்ளைச் சுருள், சினிமா பாசிட்டிவ், ஒலி ஃபிலிம், எக்ஸ்-ரே, அச்சகங்களுக்கான கிராஃபிக் ஃபிலிம், புரோமைடு தாள் என்று ஒரு நாட்டின் தேவை முழுவதையும் அங்கேயே செய்யும் எண்ணம் இருந்தது.

அந்தக் காலத்தில் ஃபிலிம் பூசத் தெரிந்த நாடுகள் மிகச் சில. அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனியின் இரண்டு பாதிகள், பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி, சோவியத் ஒன்றியம், செக்கோஸ்லோவாக்கியா, சீனா போன்றவை. அந்த வரிசையில் நீலகிரியும் சேர்ந்தது. இதன் பெருமையை நாம் இன்றுவரை சரியாக உணரவில்லை என்பது என் எண்ணம். அணு உலைக்கும் அணைக்கும் கிடைத்த பாராட்டு இருட்டில் வேலை செய்த இந்தத் தொழிலாளிகளுக்குக் கிடைக்கவில்லை. பூச்சுக் கூடத்தில் விளக்கில்லாமல் நடந்து, கையால் தடவி, ஒலியால் இயந்திரத்தின் நிலையை அறிந்து, வருடக்கணக்காக வேலை பார்த்தவர்கள் அவர்கள். படகரும் தமிழரும் மலையாளிகளும் கலந்த ஊழியர் கூட்டம் அது.

'இந்து'வின் பலவீனம் எங்கே இருந்தது? பலரும் தரத்தைக் குறை சொல்வார்கள். கறுப்பு வெள்ளைச் சுருளைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. பெரிய காரணம், 'இந்து' தன் வாடிக்கையாளரை ஒருபோதும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை என்பது. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெளிநாட்டு ஃபிலிம் அரிதாகவும் விலை அதிகமாகவும் இருந்தது. எக்ஸ்-ரேக்கு அரசு மருத்துவமனைகள் நிலையான வாடிக்கையாளர்கள். அப்படியிருக்க, பெட்டி யாரையும் அழைக்க வேண்டியதில்லை. கோடாக்கின் மஞ்சளும் அக்ஃபாவின் ஆரஞ்சும் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் கடை முகப்பிலும் மனதில் பதிந்தபோது, இந்த நாட்டின் ஒரே ஃபிலிம் அலுவலகக் கோப்பின் வழியாகவே வெளியே போய்க்கொண்டிருந்தது. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 கேமராவைத் தோளில் மாட்டிய குடும்பத் தலைவர் கடையில் கேட்டது பெரும்பாலும் வெளிநாட்டுப் பெயரை. நாடு ஒரு நல்ல பூச்சு ஆலையை உருவாக்கியது. அதன் மேல் ஒரு பெயரை உருவாக்கும் வேலையைச் செய்யவில்லை.

காலம் மாறியபோது அது தெரிந்தது. உலகம் வண்ணத்துக்குப் போயிருந்தது. வண்ண ஃபிலிமும் வண்ணத் தாளும் ஊட்டியில் பூசப்படவில்லை. வெளிநாட்டிலிருந்து அகலமான பெரிய உருளைகளாக இறக்கி, வெட்டி, அடைத்து விற்றார்கள். உறை இந்தியப் பெயர் தாங்கியது, பூச்சு வேறு நாட்டினுடையது. இன்று ஃபியூஜி செய்வதை ஊட்டி எப்போதோ செய்துவிட்டது. எண்பதுகளின் இறுதியில் பாலியெஸ்டர் எக்ஸ்-ரே ஃபிலிமுக்காகப் புதிய ஆலை ஒன்றைத் டூபான்ட் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு திட்டமிட்டார்கள். அதற்கு வாங்கிய கடனின் வட்டி ஏற ஏற, 1991க்குப் பின் இறக்குமதி வரி இறங்க இறங்க, நிறுவனம் நடுவே நசுங்கியது. 1996இல் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. பிறகு பல வருடங்கள் பேச்சுவார்த்தை, புத்துயிர்த் திட்டம், சம்பள பாக்கி, விருப்ப ஓய்வு என்று இழுத்து, இருட்டுக் கூடங்கள் நிரந்தரமாக மூடின. டிஜிட்டல்தான் ஊட்டியைக் கொன்றது என்பது பரவலான நம்பிக்கை. ஆலை நலிந்ததாக அறிவிக்கப்பட்டபோது இந்தியக் கல்யாணங்களில் இன்னும் ஃபிலிம்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மும்பையில் நான் இருக்கும் இந்தப் பக்கம், சுனாபட்டியும் செம்பூரும், சினிமா ஃபிலிமோடு நெருங்கிய உறவுள்ளது. ராஜ் கபூர் 1948இல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டூடியோ செம்பூரில்தான் இருந்தது. ஹோமி வாடியாவின் பசந்த் ஸ்டூடியோ செம்பூரில், பகவான் தாதாவின் ஸ்டூடியோவும் இங்கேயே. மாட்டுங்காவின் அரோரா திரையரங்கு மும்பைத் தமிழர்களுக்குத் தமிழ்ப் படம் என்றால் அதுதான் என்றிருந்த இடம். திரைக்குப் பின்னால் இருந்த கதை ஃபிலிமின் பற்றாக்குறை. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது கச்சா ஃபிலிம் கிடைக்காமல், படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்தது. அது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதுவரை பாட்டும் கிளைக்கதையுமாக நீண்டு போய்க்கொண்டிருந்த தமிழ்ப் படங்கள் அந்த அளவுக்குள் தங்களை இறுக்கிக்கொண்டன. சுதந்திரத்துக்குப் பிறகும் கச்சா ஃபிலிம் பங்கீட்டில்தான் வந்தது. ரூபாயில் கணக்குத் தீர்க்கும் ஒப்பந்தத்தால் கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபன் ஆலையில் செய்த ஓர்வோ ஃபிலிம் இங்கே ஏராளமாக ஓடியது. அந்த ஆலை போருக்கு முன் அக்ஃபாவுடையது. 1964இல் ஓர்வோ என்று பெயர் மாறியது. ஒரே கட்டடம், ஒரே வேதியியல் மரபு, பெட்டியில் வேறு பெயர். இந்த வரலாற்றில் பெட்டியும் பூச்சும் பிரிவது புதிதல்ல.

ஆர்.கே. ஸ்டூடியோ 2017 செப்டம்பரில் தீப்பிடித்தது. பழைய உடைகளும் நினைவுப் பொருள்களும் எரிந்துபோயின. 2019இல் நிலம் கோத்ரெஜ் நிறுவனத்துக்குப் போனது. இப்போது அங்கே குடியிருப்புகள். தீ ஒரு வழி என்றால், பழைய ஃபிலிம் அழியும் இன்னொரு வழி வெள்ளி. முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸ் (1931) இன்று இல்லை. அதே ஆண்டின் ஆலம் ஆராவும் இல்லை. ஓடி முடிந்த பிரதிகளை வெள்ளிக்காக உருக்கியது அந்தத் தலைமுறையின் வழக்கம். மருத்துவமனைகளின் பழைய எக்ஸ்-ரே படங்களும் அதே வழியில் போயின: வெள்ளியைக் கரைத்தெடுத்துவிட்டு, மிஞ்சிய பாலியெஸ்டர் பிளாஸ்டிக்கைத் தனியே விற்பார்கள்.

அந்த பிளாஸ்டிக்கின் அடுத்த பயணம் தாராவி போன்ற இடங்களில் தொடங்குகிறது. பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கை வகை பிரிப்பவர்கள் நிறத்தையும் வளையும் விதத்தையும் வைத்தே இது எந்த பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுவார்கள். கோடாக் டப்பாவின் உடல் ஒரு வகை, மூடி வேறு வகை. கெட்டியான உடலையும் மிருதுவான மூடியையும் பிரித்துப் போட்டால்தான் இரண்டுக்கும் விலை. ஃபிலிம் உறையின் வருங்காலத்தைப் பற்றி ஐரோப்பியக் கண்காட்சிகளில் பேசுகிறவர்கள் இந்தக் கைகளின் அறிவையும் கேட்க வேண்டும். ஒரே வகைப் பொருளால் ஆன டப்பாவும் மூடியும், எளிதில் உரிக்கக்கூடிய சீட்டும் என்று வந்தால், அவர்கள் வேலை பாதியாகக் குறையும். காகிதப் பெட்டி மட்டும் போதும் என்ற யோசனை மும்பைக்குப் பொருந்தாது. மழைக்காலத்தில் அட்டை ஒரு வாரத்தில் தளர்ந்துவிடும். காற்றுப் புகாத ஒரு டப்பா இங்கே அவசியம்.

இன்றைய நிலை என்ன? கோடாக்கின் கதை பாதி எச்சரிக்கை, பாதி நம்பிக்கை. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டது. 2013இல் மீண்டு வரும்போது சில்லறை ஃபிலிம் விற்பனையைக் கோடாக் அலாரிஸ் என்ற தனி நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. பூசுவது ராச்செஸ்டர், பெட்டியில் போட்டு விற்பது வேறொருவர். 2024இல் அலாரிஸ் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. 2025இல் ராச்செஸ்டரே நேரடியாகக் கோடாக்கலர் 100, 200 என்று பழைய பெயரைத் தூசி தட்டிச் சந்தைக்கு வந்தது. நிறுத்தியிருந்த எக்டாக்குரோம் ஃபிலிமும் 2018இல் திரும்பி வந்தது. ஆனால் கோடாக்குரோம் திரும்பவில்லை. அதைக் கழுவும் முறை அவ்வளவு சிக்கலானது. கடைசிக் கோடாக்குரோம் சுருளை எடுத்த புகைப்படக் கலைஞர் ஸ்டீவ் மக்கரி அதில் சில படங்களை இந்தியாவில் எடுத்தார். அமிதாப் பச்சன், ஆமிர் கான் போன்ற மும்பை நடிகர்களின் முகங்கள் அந்த 36 சட்டகங்களுக்குள் இருக்கின்றன.

இங்கிலாந்தில் இல்ஃபோர்டு 2004இல் முறிந்தது. அங்கே வேலை பார்த்த மேலாளர்களே சேர்ந்து 2005இல் ஹார்மன் என்ற பெயரில் அதை வாங்கினார்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிமை விடாமல் செய்து வந்தார்கள். 2023இல் ஃபீனிக்ஸ் என்ற வண்ண ஃபிலிமையும் கொண்டுவந்தார்கள். முதல் தொகுப்பில் நிறம் முழுமையாக வரவில்லை. பெட்டியைப் பளபளப்பாக்கி அதை மறைக்காமல், இது பரிசோதனை நிலையில் இருக்கும் ஃபிலிம் என்று சொல்லியே விற்றார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. இத்தாலியின் ஃபெரானியாவில் ஆலை இடிபடும் நேரத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டி இயந்திரங்களைக் காப்பாற்றி, ஒரு சிறிய பூச்சு இயந்திரத்தில் மீண்டும் ஃபிலிம் செய்யத் தொடங்கினார்கள். நெதர்லாந்தின் என்ஸ்கெடேயில் போலராய்டின் கடைசி ஆலையை 2008இல் ஆர்வலர்களும் சில பழைய ஊழியர்களும் சேர்ந்து எடுத்து நடத்தினார்கள். இன்றைய போலராய்டு அங்கிருந்து வளர்ந்தது. சீனாவின் லக்கி, 'இந்து'வைப் போலவே அரசு ஆலை. நிறுத்திய வண்ண ஃபிலிமை 2025இல் மீண்டும் விற்கத் தொடங்கியது. என்ஸ்கெடேக்கும் ஃபெரானியாவுக்கும் இருந்தது பெரும் முதல் அல்ல. சில இயந்திரங்கள், அவற்றை ஓட்டத் தெரிந்த சிலர், அவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்காமல் தடுத்த ஒரு கையெழுத்து. ஊட்டியில் முதல் இரண்டும் இருந்தன.

சந்தையில் இப்போது பெருகியிருக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை பூசுகிறவர்களுடையவை அல்ல. கோடாக் சினிமாவுக்காகச் செய்யும் விஷன்3 ஃபிலிமை 400 அடி டின்னாக வாங்கி, இருட்டறையில் வெட்டி, குப்பியில் ஏற்றித் தங்கள் பெயரில் விற்கிறார்கள். ஒரு டின்னிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்ட சுருள்கள் கிடைக்கும். அமெரிக்காவின் சினிஸ்டில் இதைப் பெரிய தொழிலாக்கியது. இந்தியாவிலும் சிறிய அளவில் செய்கிறார்கள். இது ஏமாற்று அல்ல. மும்பையில் ஒரு மாணவர் கையில் கட்டுப்படியாகும் விலைக்கு ஃபிலிம் போய்ச் சேர இதுவே பெரும்பாலும் வழி. ஆனால் இங்கேதான் பெட்டியின் பொறுப்பு கூடுகிறது. அண்மைக் காலம் வரை வந்த இந்தச் சினிமா ஃபிலிமின் பின்புறம் கறுப்புக் கரிப்பூச்சு ஒன்று இருந்தது. அப்படிப்பட்ட சுருளில் அதை முன்கூட்டியே நீக்காமல் சாதாரண லேபில் கொடுத்தால் லேப்காரரின் ரசாயனம் முழுவதும் கெட்டுவிடும். கரியை நீக்கினார்களா, எந்த முறையில் கழுவ வேண்டும், எந்த ஃபிலிமிலிருந்து வெட்டினார்கள், எந்த மாதம் குப்பியில் ஏற்றினார்கள் என்ற நான்கையும் பெட்டியில் தெளிவாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அழகான படத்தோடு ஒரு கவர்ச்சியான பெயரை மட்டும் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வருங்காலப் பெட்டி பழமையின் அழகை மட்டும் நம்பி நின்றால் நீடிக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எழுபதுகளின் எழுத்துருவும் பட்டை வண்ணமும் இன்று விற்கும். அடுத்த தலைமுறைக்கு அந்த நினைவே இருக்காது. அவர்களுக்கு வேண்டியது பூசியவர் பெயர், பூசிய ஊர், தொகுப்பு எண், காலாவதித் தேதி, கழுவும் முறை. இவை எல்லாம் பழைய பெட்டிகளிலும் ஓரத்தில் பொடியாக இருந்தன. இனி அவை முகப்புக்கு வர வேண்டும். உலகில் ஒரு சில ஆலைகளிலிருந்தே பல பெயர்களில் ஃபிலிம் வரும்போது, வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதைப் பூசியது யார் என்பதுதான். பூசியவர் பெயர் முகப்பில் இருந்தால் அந்த ஆலைக்கும் ஒரு மரியாதை. அது மூடப்படும் நாள் வந்தால், எதை இழக்கிறோம் என்று சாதாரண வாடிக்கையாளருக்கும் தெரியும். ஊட்டி மூடியபோது பலருக்கு அது தெரியவில்லை.

ஃபிலிமின் மேல் அக்கறை இந்த நாட்டில் இல்லாமல் இல்லை. 2018 மார்ச் இறுதியில் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனும் கலைஞர் டசிட்டா டீனும் மும்பைக்கு வந்தார்கள். ஷிவேந்திர சிங் துங்கர்பூர் 2014இல் தொடங்கிய ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் அழைத்திருந்தது. கமல்ஹாசன் நோலனைச் சந்தித்தார். இங்கிருந்து பக்கத்திலேயே இருக்கும் வடாலாவின் ஐமேக்ஸ் திரையில் நோலனின் டன்கர்க் படம் 70 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓடியது. அடுத்த வருடமே நோலன் தன் டெனெட் படத்தின் சில காட்சிகளை ஃபிலிமில் எடுக்க இதே நகரத்துக்குத் திரும்பி வந்தார். ஆர்வமும் மரியாதையும் இங்கே இருக்கின்றன. அதே அமைப்பு 2017இல் சென்னையில் நடத்திய பாதுகாப்புப் பயிற்சியில் பழைய ஃபிலிமைத் துடைத்து, ஒட்டி, டின்னில் அடைத்துக் காப்பாற்ற இளைஞர்கள் கற்றுக்கொண்டார்கள். பழைய ஃபிலிமைக் காப்பதற்கு இந்தியாவில் ஒரு வழி பிறந்துவிட்டது. ஃபிலிமைச் செய்த அறிவைக் காப்பதற்கு இன்னும் பிறக்கவில்லை.

இந்து நகரில் ஓய்வுபெற்றுக் குடியிருக்கும் தொழிலாளிகளில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். ஜெலட்டின் எந்தச் சூட்டில் கலங்கும், எந்த ஈரத்தில் பூச்சு சுருங்கும், இருட்டில் கிழிந்த பட்டையை ஓட்டம் நிற்காமல் எப்படிப் பிடிப்பது என்பது அவர்களுக்குத் தெரியும். புனேவின் தேசியத் திரைப்படக் காப்பகமோ மும்பை பெடர் சாலையில் 2019இல் திறந்த இந்தியத் திரைப்பட அருங்காட்சியகமோ ஒரு குழுவை நீலகிரிக்கு அனுப்பி, அவர்கள் பேச்சைத் தமிழிலேயே பதிவு செய்யலாம். பூச்சுக் குறிப்பேடுகள், தொகுப்புப் பதிவேடுகள், 'இந்து' சுருளின் பெட்டிகள், எக்ஸ்-ரே உறைகள், புரோமைடு தாள் அட்டைகள், சினிமா டின்களின் சீட்டுகள் என்று கிடைப்பதை எல்லாம் தொழிலாளிகளின் வீடுகளிலிருந்தும் பழைய ஸ்டூடியோக்களிலிருந்தும் திரட்டி ஓரிடத்தில் வைக்கலாம். அருங்காட்சியகம் கேமராக்களுக்கும் ஸ்டூடியோக்களுக்கும் நடிகர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. நாமே பூசிய ஒரே ஃபிலிமுக்கும் அதைப் பூசியவர்களின் பெயர்களுக்கும் ஒரு கண்ணாடி அலமாரியை அங்கே ஒதுக்கலாம். அதன் அருகிலேயே கருவிகளின் வரைபடமும் செய்முறைக் குறிப்பும் ஆய்வாளர்கள் கேட்டால் எடுத்துப் படிக்கும்படி இருக்க வேண்டும். ஃபெரானியாவைப் போல ஒரு சிறிய பூச்சு இயந்திரத்தை இந்தியாவில் யாராவது என்றாவது நிறுவத் துணிந்தால், அவர் முதலில் தேடி வருவது அந்தக் குறிப்பேட்டைத்தான்.